லோரம்மாவின் தண்ணீர்

கொரேரா டாக்கீசின் திரையிலிருந்து நல்ல தண்ணீர் வர ஆரம்பித்த அந்த மத்தியானம், சவேரியாள் பெண்கள் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றபடி, கையிலிருந்த மூங்கில் கம்பால் திரையைச் சுட்டிக்காட்டி, சொல்லிச் சொல்லி வாய்க்கே சலித்துப்போன இங்கிலீசுப் படத்துக் கதையை மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தாள். “அக்கா செத்துப்போனா, அக்கா பிள்ளைகள இவ வளத்தா, பிள்ளைகளுக்காவ கலியாணமே வேண்டாம்னா, பிள்ளைக வளந்து ஆளுக்கொரு கப்பல்ல ஏறிப் போயிட்டுதுவ, இவ்வளவு காலம் காத்துக் கெடந்தவன் இன்னைக்கு வேற ஒருத்தியக் கட்டப்போறேன்னு கலியாணப் பத்திரிகை கொண்டாந்து குடுக்கான், பாத்தியளா, சிரிச்சிக்கிட்டே வாங்குதா, கதவச் சாத்துதா, இந்தா மாடிப்படியில உக்காந்துட்டா, இனி அழுவா” என்று அவள் சொல்லி முடிக்கவும், படத்திலிருந்த லோர்னா ஹேவர்லி என்ற அமெரிக்க நடிகை படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல், எல்லாரும் பார்க்கும்படி அழுதாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடையில் திரண்டு, திரைத்துணியின் கீழ் ஓரத்தில் சொட்டி, பிறகு ஒழுகி, பிறகு ஓடி, முன்னால் தரையில் சப்பணமிட்டிருந்த உப்பளத்துப் பெண்களின் சேலைகளை நனைத்தது. பேச்சிக்கனிதான் முதலில் எழுந்தாள். காலையிலிருந்து பாத்தியில் உப்பு வாரிவிட்டு, உட்கார ஒரு நிழல் வேண்டும் என்பதற்காகவே படத்துக்கு வந்தவள் அவள். நனைந்த முந்தானையைப் பிழிந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“ஏட்டி, உப்பு இல்லட்டி,” என்றாள்.

வெள்ளைத்துறையில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கமெல்லாம் உப்பளமுமாகக் கிடந்த அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத நீர்தான் ஊறியது. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் பனங்காட்டைத் தாண்டி ஓடைக்குப் போய், மணலைத் தோண்டி, ஊற்று சுரக்கும்வரை குத்தவைத்து உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்துத் தூக்கிவர வேண்டும். கோடையில் அந்த ஊற்றும் இருக்காது. ஆகவே அடுத்த காட்சிக்குப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். டாக்கீஸ் முதலாளி கபிரியேல் கொரேரா வாசலில் நின்று தலையைச் சொறிந்துவிட்டு, ஆள் டிக்கெட் தனி, குட டிக்கெட் தனி என்று அறிவித்தார். படம் ஓட்டுகிற அனிபா, மேலே தன் அறையின் சிறு ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, “சினிமாக்காரங்க கண்ணுல கிளிசரின் விடுவாங்க, அதான் லேசா இனிப்பா இருக்கும்,” என்று விளக்கம் சொன்னான். ஊர் அந்த விளக்கத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டது.

வெள்ளைத்துறையில் இங்கிலீசுப் படம் ஓடியதற்கும் ஒரு காரணம் இருந்தது. உப்பு இலாகா துரைமார் ஊரில் இருந்த காலத்தில் அவர்களுக்காக மெட்ராசிலிருந்து படப்பெட்டிகள் வந்தன. துரைமார் கப்பலேறிப் போன பிறகும் பெட்டிகள் பழக்கத்தில் வந்துகொண்டே இருந்தன. திருப்பி அனுப்பச் சோம்பல்பட்ட கொரேரா, கன்னியாஸ்திரி மடத்தில் தங்கிப் படித்து இங்கிலீசு தெரிந்திருந்த சவேரியாளை அழைத்து, பொம்பளைகளுக்குக் கதை சொல்லு என்று கம்பைக் கையில் கொடுத்தார். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன அவள் புருசன் சூசை, போனவன் போனவன்தான். கடிதமும் நின்றுபோய், அவன் அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று தோணிக்காரர்கள் சொல்லிவிட்ட பிறகு, ஊர் அவளைப் பாவம் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. பாவம் சவேரியாள் வருகிறாள், பாவம் சவேரியாளுக்கு ஒரு வாய் காப்பி கொடு. மடத்தில் இருந்தபோது கிறிஸ்துமஸ் நாடகத்தில் கொடுங்கோல் ராசா ஏரோதாக வேசங்கட்டிக் கன்னியாஸ்திரிகளைச் சிரிக்கவைத்தவள் அவள் என்பது யாருக்கும் தெரியாது; அவளுக்கே பாதி மறந்துவிட்டது.

தண்ணீர் வந்த முதல் மாதத்திலேயே ஊர் தன்னை அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. திரைக்குக் கீழே கொல்லாசாரி ஒரு தகர ஓடை செய்து பொருத்தினார். குடங்களை வரிசையாக வைப்பதற்குச் சுண்ணாம்புக் கோடு போடப்பட்டது, கோட்டைத் தாண்டியதற்கு அடிதடி நடந்தது, அடிதடியை விலக்க ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குடத்தால் அடிவாங்கினார்கள். சுவக்கீன் சாமியார் இந்தத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பிஷப்பான மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கொடுத்தும் விட்டார். வெளியூர்க்காரர்கள் வெள்ளைத்துறைக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். லோர்னா ஹேவர்லி என்ற பெயர் லோர்னம்மாவாகி, பிறகு லோரம்மாவாகி, பிறந்த பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரே வைக்கப்பட்டது. தினமும் நாலு காட்சி அவள் அழுதாள், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. நாலு காட்சியும் சவேரியாள் கதை சொன்னாள். யாருக்கும் இப்போது கதை தேவைப்படவில்லை, குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் கதையை நிறுத்தினால் தண்ணீர் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவளை நிறுத்தவும் விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கால் மரத்துக்கிடக்கும். தொண்டையில் மணல் போட்டு அரைத்தது போல இருக்கும்.

மெட்ராஸ் கம்பெனி லோரம்மா நடித்த படங்களை மொத்தமாக வாங்கி வைத்திருந்ததால் அவளுடைய வேறு பெட்டிகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஒரே படத்தில் இவ்வளவு தண்ணீர் என்றால் எல்லாப் படத்தையும் ஓட்டினால் ஊரில் ஆறே ஓடும் என்று கொரேரா கணக்குப் போட்டார். முதலில் வந்த பெட்டியில் இருந்தது ஒரு பத்திரிகை ஆபீஸ் கதை. லோரம்மா அதில் இளவயசு, தொப்பி வைத்திருந்தாள், ஒரே நேரத்தில் இரண்டு டெலிபோனில் பேசினாள், கலியாணம் கட்ட வந்தவனையும் கட்டிவிட்டுப் போனவனையும் ஒரே அறையில் நிற்கவைத்துக்கொண்டு, அவர்கள் ஒரு சொல் சொல்வதற்குள் பத்துச் சொல் சொல்லி, மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். சவேரியாள் வாய் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு வரியைத் தமிழில் சொல்வதற்குள் நாலு வரி ஓடிப்போயிற்று. துரத்திப் பிடிக்கப் பார்த்து, மூச்சு வாங்கி, ஒரு கட்டத்தில் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். பெண்கள் பக்கத்தில் அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

“எப்பக்கா அழுவா?” என்று பேச்சிக்கனி குடத்துக்கு மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“இதுல அழமாட்டா.”

“கடைசியிலயுமா?”

“கடைசியிலயும் பேசிக்கிட்டுத்தான் போறா.”

“பின்னே எதுக்கு இந்தப் படம்?” என்று பேச்சிக்கனி கேட்க, வரிசை முழுவதும் ஆமா ஆமா என்றது.

அடுத்ததில் அவள் ராத்திரியும் மழையுமான ஒரு பட்டணத்தில், சன்னல் பலகையின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழ, சிகரெட்டுப் புகையை ஊதிக்கொண்டு, ஆண்பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவைத்து, கடைசியில் தானும் சுடப்பட்டுச் செத்தாள். சாகும்போதுகூட ஒரு சொட்டு விடவில்லை. என்ன பொம்பளை இவள் என்று ஊர் காறித்துப்பியது. அதற்கடுத்தது குதிரைப் படம். படம் முழுக்கக் குதிரைகளும் துப்பாக்கிகளும் மலைகளுமாக இருந்தன; லோரம்மா ஒரு மரவீட்டின் வாசலில் கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்து, போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதில் ஒரு சங்கு அளவு தண்ணீர் கிடைத்தது. பிறந்த பிள்ளை ஒன்றுக்குப் புகட்டினார்கள். கடைசியாக வந்தது கலர்ப் படம். மஞ்சள் நிறச் சமையலறை, ஆளுயரக் குளிர்ப்பெட்டி, அதற்குப் பக்கத்தில் லோரம்மா, படம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை சிரித்த முகமாக, மகனுக்கும் மருமகளுக்கும் பரிமாறிக்கொண்டே இருந்தாள். “சிரிக்கா, சரி, ஆனா கண்ணப் பாருங்க,” என்றாள் சவேரியாள். யாரும் பார்க்கவில்லை. குடங்கள் காய்ந்திருந்தன. கொரேரா அந்தப் பெட்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, அழுகிற படத்தை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்.

எந்தப் படம் முன்னே, எது பின்னே என்று சவேரியாள் அனிபாவிடம் கேட்டாள். அவன் பெட்டிகளை அனுப்புவதற்கு முன் அவற்றின்மேல் போட்டிருந்த வருசங்களைப் பார்த்து வைத்திருந்தான்.

“பத்திரிகை ஆபீசுதான் முந்தி, தங்கச்சி. பொறவு இந்த அழுகை. பொறவு சுட்டுச் சாவுறது, அப்புறம் குதிரை, அப்புறம் அடுப்படி.”

“அவளுக்கு வயசு ஏற ஏறப் பேச்சைக் கொறச்சிக்கிட்டே வந்திருக்காங்க, அண்ணே.”

“அவங்க ஊருலயும் படம் மாறுதுல்லா? பட்டாளத்துல சண்டைக்குப் போன ஆம்பளையெல்லாம் திரும்பி வந்துட்டான். அவனுக்குப் பிடிச்ச மாதிரி எடுக்கான்.” அனிபா ஒரு பீடியைப் பற்றவைக்க எடுத்துவிட்டு, பிலிமுக்குப் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து சட்டைப்பையில் திருப்பிப் போட்டான். “நம்ம ஊருக்குப் பிடிச்சதைத்தான் நாமளும் ஓட்டுதோம்.”

அன்றிலிருந்து அந்த மாடிப்படிக் காட்சி வரும்போதெல்லாம் சவேரியாள் கம்பைத் திரைக்கு நீட்டாமல் கீழே இறக்கிக்கொண்டாள். இவள் மேசைமேல் ஏறிக் காலை ஆட்டியவள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

மறு வருசம் மழை வரவில்லை, அதற்கு மறு வருசமும் வரவில்லை. ஓடையின் ஊற்று தோண்டத் தோண்ட ஆழத்துக்குப் போய், தோண்டிய பள்ளத்தில் ஒரு பெண் மண் சரிந்து மூச்சடங்கிச் செத்தாள். பேச்சிக்கனியின் நாலு வயசு மகளுக்கு உப்புத்தண்ணீர் குடித்து உடம்பெல்லாம் புண்ணாகி, டாக்கீஸ் தண்ணீர் கொடுத்தால்தான் ஆறும் என்றிருந்தது. நாலு காட்சித் தண்ணீர் ஊருக்குப் போதவில்லை. ஊர்க்கூட்டம் கொரேரா வீட்டு முற்றத்தில் கூடி, படம் முழுவதும் ஓட்டுவதால்தான் நேரம் வீணாகிறது, அழுகிற ரீலை மட்டும் காலையிலிருந்து மாலைவரை திருப்பித் திருப்பி ஓட்டினால் என்ன என்று முடிவு செய்தது.

“அப்படிச் செய்யக்கூடாது,” என்றாள் சவேரியாள். முற்றத்தில் பெண் ஒருத்தி பேசியது அதுதான் முதல்.

“ஏன் கூடாது?” என்றது கூட்டம்.

“அக்கா பிள்ளைக இல்லாம, அந்த ஆள் இல்லாம, பத்திரிகை இல்லாம, வெறுமன படியில உக்காந்து அழுதுகிட்டே இருந்தா, அவ எதுக்கு அழுவுதான்னு நான் என்னத்தச் சொல்ல?”

“ஒண்ணும் சொல்லாத,” என்று பேச்சிக்கனி எழுந்தாள். அவள் இடுப்பில் பிள்ளை இருந்தது. “யக்கா, நீ படிச்சவ, ஒனக்கு அவ மேல எரக்கம் வருது. நான் வேண்டாங்கல. ஆனா அவ துணியில வெழுந்த நெழலு. இது என் பிள்ளை. இதத் தொட்டுப் பாரு. தொட்டுப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு, நான் என் குடத்த எடுத்துட்டுப் போயிருதேன்.”

சவேரியாள் தொட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஆகவே லோரம்மா விடிந்ததிலிருந்து அழுதாள். கதவைச் சாத்துவாள், உட்காருவாள், அழுவாள், திரை வெள்ளையாகும், மறுபடி கதவைச் சாத்துவாள். வெயில் ஏறி வெயில் இறங்கும்வரை தகர ஓடை நிற்காமல் ஓடியது. குழந்தையின் புண் ஆறத் தொடங்கியது. சவேரியாள் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல், கம்பைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள், ஏனென்றால் அவள் அங்கே நிற்கவேண்டும் என்று ஊர் சொல்லியிருந்தது. நாளாக நாளாகப் பிலிமில் கீறல் விழுந்து, லோரம்மாவின் முகத்தின்மேல் கோடுகள் மழைபோல ஓடின. அவள் உட்காரும்போது கையைப் படியில் ஊன்றத் தொடங்கியதை முதலில் சவேரியாள்தான் பார்த்தாள். முன்பெல்லாம் அப்படி ஊன்றியதில்லை.

பங்குனியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், லோரம்மா கதவைச் சாத்தினாள், வந்து படியில் உட்கார்ந்தாள், முழங்கையை முழங்காலில் வைத்தாள், தாடையைக் கையில் தாங்கினாள், அழவில்லை. ரீல் முடிந்தது. அனிபா திருப்பிப் போட்டான். அவள் வந்தாள், உட்கார்ந்தாள், எதிரே குடத்தோடு இருந்த பெண்களைப் பார்த்தாள்.

ஊர் முதலில் கெஞ்சியது. பிறகு திட்டியது, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று கேட்டது. சுவக்கீன் சாமியார் ஜெபமாலை சொல்லிப் பார்த்தார். கொரேரா திரையை வெளுத்துத் தரச் சொல்லி வண்ணானிடம் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கிட்டேரி என்ற கிழவி ஒருத்தி எழுந்து, “இவ கஷ்டத்துக்கு இவ அழுது தீத்துட்டா. நம்ம கஷ்டத்தச் சொன்னா அழுவாளோ என்னமோ,” என்று சொல்லிவிட்டு, திரைக்கு முன்னால் போய் நின்று, தன் மூத்த மகன் கடலுக்குப் போனவன் வராத கதையைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். “இவளுக்குத் தமிழ் தெரியாதே. ஏ சவேரியா, நீ சொல்லு.”

இத்தனை வருசம் இங்கிலீசைத் தமிழில் சொன்னவள் அன்று தமிழை இங்கிலீசில் சொன்னாள். மடத்தில் படித்த இங்கிலீசில் கடலுக்கும் மகனுக்கும் சொல் இருந்தது; வலையோடு திரும்பிவந்த வெறும் சட்டைக்குச் சொல் தேடவேண்டியிருந்தது. லோரம்மா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள். கண் நனையவில்லை. ஆனால் ரீல் முடிகிற இடத்தில் திரை வெள்ளையாகவில்லை. கிழவி சொல்லி முடிக்கும்வரை அவள் அங்கேயே இருந்தாள்.

அன்று மாலைக்குள் குட வரிசை நின்ற கோட்டில் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தன்னுடையதுதான் அவளை அழவைக்கும் என்று நம்பி வந்தாள். உப்பு அரித்துக் கால் விரல் போனவள் வந்தாள். செத்தே பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் பெயர் வைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தவள் வந்தாள். அண்ணன் வீட்டில் இருபது வருசமாக மீதிச் சோறு தின்பவள் வந்தாள். புருசன் நல்லவன்தான், ஆனாலும் ஒரு நாளாவது தனியாகப் படுக்கவேண்டும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டு ஓடினவள் ஒருத்தி. சவேரியாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் இங்கிலீசு ஓட ஆரம்பித்தது. கமா இல்லாமல், மூச்சு விடாமல், ஒருத்தி முடிக்குமுன் அடுத்தவளுடையதைத் தொடங்கி, அந்தப் பத்திரிகை ஆபீஸ்காரி பேசின வேகத்துக்கு வந்தது. லோரம்மா எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு சொட்டும் விடவில்லை. தண்ணீர் வராது என்று தெரிந்த பிறகும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சொல்பவள் சொல்ல மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள், ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதெல்லாம் தெரியாமல் போயிற்றே என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

பேச்சிக்கனி எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். பிள்ளையின் புண் மறுபடி வெடித்திருந்தது. திரைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தவள், சவேரியாள் பக்கம் திரும்பிவிட்டாள்.

“யக்கா, இவகிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? பாவம், அவளே ஓஞ்சிபோய் உக்காந்திருக்கா. இத்தனை பேரு சொன்னதையும் இங்கிலீசுல சொன்னியே, இங்கிலீசு தெரிஞ்சவன் எவனாவது கேட்டானா?”

“எவன்கிட்டச் சொல்ல?”

“ரயிலு எஞ்சினுக்குத் தண்ணி எங்கேருந்து வருது? உப்புத்தண்ணி ஊத்துனா கொதிகலம் ஓட்டையாயிரும்னு ஆத்துத்தண்ணிய டேங்க் வண்டியில கொண்டாந்து ஊத்துதான்ல்லா? எஞ்சின் குடிக்கி. என் பிள்ளை குடிக்கக்கூடாதா?”

இது வெள்ளைத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான். உப்பு ஏற்றிப்போகும் ரயிலுக்காக ஸ்டேசனில் உயரத் தொட்டி ஒன்று ததும்ப நிற்பதை எல்லாரும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மறுநாள் காலை பெண்கள் வெறுங்குடங்களோடு தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். உப்பு ரயில் விசில் அடித்துப் பார்த்தது, ஆவி விட்டுப் பார்த்தது, கடைசியில் நின்றது. ஸ்டேசன் மாஸ்டர் ஓடிவந்து கும்பிட்டார். போலீஸ் வந்து, வெயிலில் நின்று, ஒருத்தியிடம் கொஞ்சம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டது. இரண்டாம் நாள் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ரயில்வே அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். வெயில் தொப்பியும் கைக்குட்டையுமாக இருந்தார். தமிழ் அவருக்கு வராது. சவேரியாள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு நாள் வெயிலில் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“அழாதே அம்மா, அழாமல் சொல்,” என்றார் அவர் இங்கிலீசில், வழக்கமாகக் காட்டுகிற இரக்கத்தோடு.

“யார் அழுதது?” என்றாள் சவேரியாள்.

பிறகு அவள் பேசினாள். கொதிகலத்தையும் குழந்தையையும் ஒரே மூச்சில் சொன்னாள்; ஓடையில் மண் மூடிச் செத்தவளின் பெயரையும் அவள் பிள்ளைகளின் பெயர்களையும் சொன்னாள்; கால் விரல் போனவளைக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொன்னாள்; அவர் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தபோது எப்போது என்று கேட்டாள், மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றபோது பேனா இருக்கிறதா என்று கேட்டாள், இப்படியெல்லாம் பேசக்கூடாது என்றபோது வேறு எப்படிப் பேசினால் தண்ணீர் வரும் என்று சொல்லுங்கள், அப்படியே பேசுகிறேன் என்றாள். நடுவில் அவர் இரண்டு முறை சிரித்துவிட்டார், சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டார். வெற்றிலை போட்டிருந்த போலீஸ்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சிக்கனி பக்கத்திலிருந்தவளிடம், “யக்காவுக்கு இப்படி ஒரு வாயா?” என்றாள்.

அந்த வாரத்திலிருந்து உப்பு ரயிலோடு ஊருக்கென்று ஒரு டேங்க் வண்டி வந்தது. தினமும் வரவில்லை. வந்த தண்ணீரில் துரு வாடை அடித்தது, வரிசையில் பழையபடி சண்டை நடந்தது, வண்டி வராத நாட்களில் பெண்கள் மறுபடி தண்டவாளத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் சவேரியாளை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கு முட்டி வலித்தது. போனாள். பேச்சிக்கனியின் மகள் பிழைத்துக்கொண்டாள். தோலில் தழும்பு நின்றுவிட்டது. யாரும் இப்போது பாவம் சவேரியாள் என்று சொல்லவில்லை, வாய்க்காரி சவேரியாள் என்றார்கள், அதுவும் முழுக்கப் புகழ்ச்சி இல்லை.

டாக்கீசில் தகர ஓடையைக் கழற்றினார்கள். மெட்ராஸ் கம்பெனி, கிழிந்தது கிழிந்தபடியாவது பெட்டியைத் திருப்பி அனுப்பு என்று எழுதியிருந்தது. புதுப் பெட்டி ஒன்று வரப்போவதாகச் சொல்லி, அதன் போஸ்டரை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. அனிபா அதைச் சவேரியாளிடம் விரித்துக் காட்டினான். லோரம்மாதான். தலைமுடி வெளுத்துப் பறந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. முகத்துக்கு அரை இஞ்சு மாவு பூசியிருந்தார்கள். கையில் நீளமான கத்தி. பின்னால் இருட்டு வீடு. ஒரு சின்னப் பெண் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தாள்.

“இப்ப அவங்க ஊருல இதுதான் ஓடுதாம், தங்கச்சி. பழைய நடிகைகளையெல்லாம் கூப்பிட்டுப் பேயா ஆக்குதாங்க.”

சவேரியாள் அதைச் சுருட்டி அவனிடமே கொடுத்தாள். பிறகு, பழைய பெட்டி போவதற்கு முன் அந்த அழுகைப் படத்தை ஒரு தடவை முழுசாக ஓட்டச் சொன்னாள், அக்கா சாகிறதிலிருந்து.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், காலி டாக்கீசில் அவள் மட்டும் முன்வரிசைத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். கம்பை எடுக்கவில்லை. அக்கா செத்தாள், பிள்ளைகள் வளர்ந்தார்கள், கப்பல்கள் போயின, அவன் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான், கதவு மூடிக்கொண்டது. லோரம்மா கையை ஊன்றிப் படியில் உட்கார்ந்தாள். கீறல்களுக்கு நடுவிலிருந்து சவேரியாளைப் பார்த்தாள். வரிசை எங்கே என்று தேடுவதுபோல அவளுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

“இன்னைக்கு யாரும் வரல,” என்று சவேரியாள் இங்கிலீசில் சொன்னாள். “எல்லாரும் ரயிலடியில இருக்காங்க.”

லோரம்மா தலையசைத்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்துப் படியில் வைத்துவிட்டு, கால் விரல்களை நீட்டி மடக்கினாள். பிறகு, படத்தில் எங்கும் இல்லாத, கொஞ்சம் கம்மிய குரலில் கேட்டாள்:

“அடுத்து என்னை என்னவாக நடிக்கச் சொல்கிறார்கள், தெரியுமா?”

சவேரியாளுக்குப் பொய் சொல்ல வரும். இத்தனை வருசம் தனக்குப் பிடிபடாத வசனங்களையெல்லாம் பெண்கள் பக்கத்துக்குத் தானே இட்டுக்கட்டிச் சொன்னவள்தான். ராணி என்று சொல்லலாம், பத்திரிகை ஆபீஸ் என்று சொல்லலாம். படியில் வெறுங்காலோடு இருந்தவளைப் பார்த்தபோது அதற்கு மனசு வரவில்லை.

“கிழவி,” என்றாள். “பேய் பிடிச்ச கிழவி. கையில கத்தி. ஒங்களப் பாத்து எல்லாரும் பயந்து ஓடுறாங்க.”

லோரம்மா கையால் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“அழவேண்டுமா?”

“வேண்டாம். ஒரு எடத்துலகூட வேண்டாம்.”

“அப்படியானால் சரி,” என்றாள் லோரம்மா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக ஏறி மேலே போனாள்.